மதுரையிலிருந்து பெண்களுக்கான சிறு செய்தி மடல்: அச்சு, அஞ்சல், பெயர் மறைப்பு

யானைக்கல் (கேள்வி)

வணக்கம். மதுரை, திண்டுக்கல், தேனி, சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களுக்குள் மட்டும் சுற்றுகிற மாதிரி நாங்கள் நால்வர் ஒரு செய்தி மடல் தொடங்க இருக்கிறோம். பெண்ணுரிமைப் பேச்சும், பெண்ணை விரும்பும் பெண்களின் பேச்சும் ஒரே மடலில் வரும். இரண்டு மாதத்துக்கு ஒன்று, 150 படி, கறுப்பு வெள்ளை. விளம்பரம் கிடையாது. விலை போடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை.

தெரிந்தவர்கள் சொல்ல வேண்டியவை: பன்னிரண்டு பக்கம் சரியா, எந்த அச்சு? வீட்டுக்கு அனுப்பினால் வாங்குகிற பெண் மாட்டிக்கொள்ளாமல் எப்படி அனுப்புவது? பதிவு செய்தே ஆக வேண்டுமா? வெளிநாட்டிலும் வடக்கிலும் இப்படிப்பட்ட மடல்கள்தான் தன்பாலீர்ப்புப் பெண்களின் அடையாளத்தை வார்த்தன என்று கட்டுரைகளில் படிக்கிறோம். வார்த்தது மடலின் எந்தப் பகுதி? பன்னிரண்டு பக்கத்தில் எதற்கு இடம் கொடுப்பது என்று முடிவு செய்ய அது தெரிய வேண்டும். தத்துவம் வேண்டாம், பக்கக் கணக்காகச் சொன்னால் போதும்.

வடக்குமாசி

அச்சு பத்தி மட்டும் நான் சொல்றேன்.

150 படிக்கு ஆஃப்செட் பக்கமே போகாதீங்க. பிளேட் காசே தின்னுடும். சிவகாசியில ஆயிரத்துக்குக் கீழ கேட்டா கட்டாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லிடுவாங்க. ஜெராக்ஸ் போட்டா முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் ஒரே காசு, எண்ணிக்கை கூடினாலும் குறையாது. உங்க அளவுக்கு ரைசோதான். பள்ளிக்கூடக் கேள்வித்தாள், டியூஷன் நோட்ஸ் அடிக்கிற கடைகள்ல இருக்கும். தாளோட ஒரு முகத்துக்கு ஒரு மாஸ்டர் (எழுத்து பதிஞ்ச மெல்லிசான அச்சுத் தாள்), அதுக்குத்தான் காசு. அப்புறம் ஓடுற படிக்கு மை செலவு கொஞ்சம்தான். நூறைத் தாண்டினா ஜெராக்ஸை விட மலிவு.

12 பக்கம்னு முடிவு பண்ணினது சரி, அதுக்கு மேல போகாதீங்க. ஏ4 தாளை நடுவுல மடிச்சா ஏ5 அளவுல நாலு பக்கம். மூணு தாள்ல 12 பக்கம் முடிஞ்சது, மாஸ்டர் ஆறு. 150 படிக்கு 450 தாள், வீணாகிறதுக்குப் பத்துல ஒரு பங்கு சேர்த்தா 495. சரியா ஒரு ரீம். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாள் ஒண்ணு 4.4 கிராம், மூணு தாள் 13 கிராம், சின்ன பழுப்புக் கவர் 4, 5 கிராம். மொத்தம் 18. தபால் கட்டணம் 20 கிராமுக்கு ஒரு படின்னு ஏறும், நாலாவது தாளைச் சேர்த்தீங்கன்னா 22 ஆகி அடுத்த படிக்குப் போயிடும். அழகா இருக்கேன்னு 80 ஜிஎஸ்எம் வாங்கினா தாள் மட்டும் 15 கிராம், கவரோட 20-ஐத் தொட்டுடும், பின் எடையும் பசை எடையும் தள்ளி விட்டுடும். தபாலாபீஸ் தராசுக்கு முன்னாடி நின்னுக்கிட்டுப் பக்கம் குறைக்க முடியாது.

பக்கம் அடுக்குறது இப்படி: முதல் தாள் வெளிப்பக்கம் 12-ம் 1-ம், உள்பக்கம் 2-ம் 11-ம். ரெண்டாவது தாள் 10-ம் 3-ம், பின்னால 4-ம் 9-ம். மூணாவது 8-ம் 5-ம், பின்னால 6-ம் 7-ம். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 13 வரணும். வரலைன்னா எங்கேயோ மாறிப்போச்சுன்னு அர்த்தம். மாஸ்டர் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு படி ஜெராக்ஸ் போட்டு, மடிச்சு, பின் அடிச்சு, வரிசையாப் புரட்டிப் பாத்துடுங்க.

ரைசோ மை தாள்ல ஊறித்தான் காயும், சூட்டுல உருகி ஒட்டாது. ஒரு பக்கம் அடிச்ச உடனே திருப்பிப் போட்டா உருளையில ஒட்டி அடுத்த தாள்ல பேய் எழுத்து விழும். சாயங்காலம் ஒரு பக்கம், மறுநாள் காலையில மறுபக்கம்னு கடைக்காரர்கிட்ட முன்னாடியே பேசி வச்சுக்கங்க. படத்தை முடிஞ்ச வரைக்கும் தவிருங்க, முகம் எல்லாம் கரிக்கோட்டோவியம் மாதிரி வரும். உங்க மடலுக்கு முகமே வேண்டாம்னு நினைக்கிறேன், கோட்டுப்படம் நல்லா வரும்.

எழுத்து 11 புள்ளிக்குக் கீழ வேண்டாம். ழ, ண, னை மாதிரி சுழி உள்ள எழுத்துல கண் அடைஞ்சு போகும். மெல்லிசான எழுத்துருவும் ஆகாது. டிடிபி கடைகள் பலதுல இன்னும் பழைய எழுத்துரு, பேஜ்மேக்கர்தான். நீங்க யூனிகோடுல அடிச்ச வேர்டு கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவுல புள்ளி வட்டம்னு சிதறிப்போகும். வீட்டுலயே பக்கம் வடிவமைச்சு, எழுத்துருவை உள்ள பதிச்ச பிடிஎஃப்-ஆ கொண்டு போங்க. கடையில திருத்த விடாதீங்க.

இனி நீங்க கேக்காதது. ரைசோ மாஸ்டர் ஓடி முடிச்சதும் மெஷின் பக்கவாட்டுல ஒரு பெட்டியில போய் விழும். அதை விரிச்சுப் பிடிச்சா உங்க பக்கம் முழுசும் படிக்கலாம். ஆறு மாஸ்டரையும், வீணான தாளையும் எண்ணிக் கேட்டு வாங்கிக்கங்க. கையெல்லாம் மை ஆகும், பழைய செய்தித்தாள்ல சுருட்டி எடுத்துட்டு வாங்க. கோப்பை வாட்ஸாப்பிலயோ மெயில்லயோ கடைக்கு அனுப்பாதீங்க, அவங்க கம்ப்யூட்டர்ல வருஷக்கணக்குல கிடக்கும். பென் டிரைவ்ல கொண்டுபோய், அதுல இருந்தே திறந்து, அதுல இருந்தே அடிக்கச் சொல்லுங்க. டெஸ்க்டாப்புல இழுத்துப் போட்டா நீங்களே அழிச்சு, குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டுக் கிளம்புங்க. பெரிய ஜெராக்ஸ் மெஷின்களுக்குள்ளேயும் ஹார்டு டிஸ்க் இருக்கும், அடிச்சது அதுல தங்கலாம். கலர் லேசர் பிரிண்டர் பலதும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளியில மெஷின் நம்பரைத் தாள்லயே பதிச்சு விடும், அட்டைக்குக் கூட அது வேண்டாம். பிடிஎஃப் கோப்போட பண்புகள்ல 'ஆசிரியர்'னு உங்க லேப்டாப் பேர் உட்கார்ந்திருக்கும், அதையும் அழிச்சிடுங்க. இதைத்தான் எல்லாரும் மறக்குறாங்க.

நிலையூர்

இவ்வளவு பாடு எதற்கு? வாட்ஸாப்பில் பிடிஎஃப் அனுப்பினால் முடிந்தது. இந்தக் காலத்தில் யார் தபாலில் மடல் படிக்கிறார்கள்?

பழைய இதழ்

நிலையூருக்கு முதலில். நம் ஊரில் பல பெண்களின் கைபேசி அவர்களுடையது மட்டும் அல்ல. அண்ணன் எடுப்பான், கணவன் எடுப்பான், குழந்தை கார்ட்டூன் பார்க்க எடுக்கும். வாட்ஸாப் குழுவில் சேர்ந்தால் எண் எல்லாருக்கும் தெரியும், ஒருவர் எடுத்த திரைப்பிடிப்பு ஊரைச் சுற்றும். தாள் மடலை அரிசி டப்பாவுக்குள் வைக்கலாம், படித்ததும் அடுப்பில் போடலாம். கைபேசியே பாதுகாப்பு என்று இருக்கிற பெண்ணும் உண்டு, விடுதியில் தங்கியிருப்பவள் போல. ஆகவே வாசகரிடமே கேட்டு இரண்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அச்சு வீண் என்பது சரியில்லை.

யானைக்கல், அடையாளத்தை வார்த்தது எது என்று கேட்டீர்கள். கட்டுரைகளைப் படித்தால் தலையங்கம் படித்துத்தான் ஆட்கள் மாறினார்கள் என்று தோன்றும். பழைய படிகளைப் புரட்டினால் வேலை நடந்தது கடைசிப் பக்கங்களில்: வாசகர் கடிதம், எங்கே கூடுகிறோம் என்ற இரண்டு வரி அறிவிப்பு, யார் எந்தப் பெயரில் கையொப்பம் போடலாம் என்ற விதி, முகவரிப் பட்டியல். 'நான் ஒருத்தி மட்டும்தான் இப்படி' என்று இருந்தவள் 'திருமங்கலத்திலும் ஒருத்தி இருக்கிறாள்' என்று அறிவது அங்கேதான்.

ஆரம்பம் மிகச் சிறியது. 1947 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் ஈடித் ஐட் என்ற அலுவலகச் செயலர், வேலை நேரத்திலேயே தட்டச்சில் 'வைஸ் வெர்சா' என்று ஒரு மடல் அடித்தார். கார்பன் தாள் வைத்து ஒரு தடவைக்கு ஐந்து படி, திரும்ப ஒரு தடவை அடித்தால் இன்னும் ஐந்து. 1948 பிப்ரவரி வரை ஒன்பது இதழ், அவ்வளவுதான். முதலில் தபாலில் அனுப்பினார். ஆபாசச் சட்டத்தில் சிக்குவாய் என்று ஒருவர் எச்சரித்த பிறகு கையில் கொடுத்தார், படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பத்துப் படி என்றால் பத்து வாசகர் என்று கணக்குப் போடாதீர்கள். உங்கள் 150-க்கும் இதே கணக்குதான். பின் அட்டையில் 'கை மாற்றுங்கள்' என்று ஒரு வரி போடுங்கள்.

அடுத்து 'தி லேடர்'. சான் பிரான்சிஸ்கோவில் 1955-இல் தொடங்கிய டாட்டர்ஸ் ஆஃப் பிலிடிஸ் என்ற தன்பாலீர்ப்புப் பெண்கள் அமைப்பு 1956 அக்டோபரில் கொண்டுவந்தது, முதல் இதழ் மிமியோகிராஃபில் (சைக்ளோஸ்டைல் மாதிரி) 175 படி. ஆசிரியர் ஃபிலிஸ் லயன் முதலில் 'ஆன் ஃபெர்குசன்' என்ற புனைபெயரில் எழுதினார். 'உங்கள் பெயர் பத்திரமாக இருக்கும்' என்று வாசகருக்கு உறுதி சொல்லிவிட்டுத் தானே ஒளிந்திருப்பது முரணாகத் தெரிந்ததால் நான்காவது இதழில் ஆன் ஃபெர்குசன் இறந்துவிட்டார் என்று அறிவித்துச் சொந்தப் பெயருக்கு வந்தார். வாசகருக்கு மறைவு, ஆசிரியருக்கு வெளிச்சம். உங்கள் குழுவும் இதைத் தொடக்கத்திலேயே பேசி முடித்துக்கொள்வது நல்லது: வெளியே நிற்கப் போகிற பெயர் யாருடையது? நால்வரும் மறைந்திருந்தால் அச்சகம், அஞ்சலகம், சட்டம் மூன்றிலும் முட்டிக்கொள்வீர்கள்.

அதே இதழுக்கு 1957-இல் நாடகாசிரியர் லொரெய்ன் ஹான்ஸ்பெரி இரண்டு கடிதம் எழுதினார், முதலெழுத்துகளை மட்டும் போட்டு. திருமணமான பெண் ஏன் திருமணத்திலேயே இருக்கிறாள், வருமானம் யார் கையில், அதில் அவளுடைய விருப்பம் எங்கே போகிறது என்று பெண்ணுரிமையையும் தன்பாலீர்ப்பையும் அதில் ஒன்றாகக் கட்டினார். நீங்கள் இரண்டையும் ஒரே மடலில் வைக்க நினைப்பதற்கு இதைவிட நல்ல முன்னோடி கிடைக்காது. அது வந்ததும் வாசகர் கடிதப் பகுதியில்தான்.

'தி லேடர்' முடிந்த கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1970-இல் அமைப்பின் தலைவரும் இதழாசிரியரும் சந்தாதாரர் பட்டியலை எடுத்துக்கொண்டு இதழை அமைப்பிலிருந்து பிரித்துவிட்டார்கள். அமைப்பின் ஆதரவு போனதும் பணம் வறண்டு 1972-இல் நின்றது. பட்டியல் யாருக்குச் சொந்தம் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி, நால்வரும் கையெழுத்துப் போடுங்கள்.

வட்டார மடல் என்றால் பார்க்க வேண்டியது வட கரோலினாவின் 'ஃபெமினரி'. 1969-இல் உள்ளூர்ப் பெண் விடுதலைச் செய்தி மடலாகத் தொடங்கியது. 1978 வாக்கில் அமெரிக்கத் தெற்குக்கான பெண்ணிய இதழ், தன்பாலீர்ப்புப் பார்வைக்கு அழுத்தம் தருவது என்று தன்னை மாற்றி அமைத்துக்கொண்டது. நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் எழுதியதை மறுபதிப்புப் போடாமல் தெற்கின் இனப் பாகுபாடு, தேவாலயம், குடும்பம், ஏழ்மை என்று தன் மண்ணில் நின்று பேசியது. நமக்கு அந்த இடத்தில் நிற்பது சாதியும் தாய்மாமன் உரிமையும். முறைமாப்பிள்ளை இருக்கிறான், ஏன் தள்ளிப் போடுகிறாய் என்று கேட்கும் வீட்டுக்குச் சென்னையில் ஆங்கிலத்தில் எழுதிய கையேட்டில் பதில் இருக்காது. உசிலம்பட்டிப் பெண்ணும் மேலூர்ப் பெண்ணும் வீட்டில் என்ன சொல்லிச் சமாளிக்கிறார்கள் என்பதை அவர்கள் வார்த்தையிலேயே போடுங்கள். சாதியைப் பேசாத மடல் இங்கே ஒரு சாதிக்காரர்கள் மடலாகவே முடியும், அது என் கருத்து.

நம் பக்கத்திலேயே பழைய முன்மாதிரி உண்டு. 1930-களில் காரைக்குடியிலிருந்து 'மாதர் மறுமணம்' என்ற இதழ் வந்தது. கைம்பெண் மறுமணத்துக்கான சங்கம் நடத்தியது. ஊர் பேசத் தயங்கிய விஷயத்துக்கு ஓர் இதழ் நடத்த முடியும், அதுவும் சிறு நகரத்திலிருந்து என்பதற்கு அது சாட்சி. தமிழில் பின்னாளில் 'பனிக்குடம்', 'அணங்கு' போன்ற பெண்ணிய இதழ்கள் வந்தன. அவை இலக்கிய இதழ்கள், உங்களுடையது செய்தி மடல். அவற்றைப் பார்த்து ஆறு பக்கம் கவிதை போட்டுவிடாதீர்கள்.

தெற்காசியர் நடத்திய தன்பாலீர்ப்பு இதழ்களைப் பார்த்தால் 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'அனாமிகா', 1990-இல் அதே நாட்டில் 'ஷமகாமி', அதே 1990-இல் மும்பையில் 'பாம்பே தோஸ்த்', பிறகு மும்பையில் ஸ்திரீ சங்கம் கொண்டுவந்த 'ஸ்கிரிப்ட்ஸ்'. கொல்கத்தாவின் சாஃபோ ஃபார் ஈக்வாலிட்டி அமைப்பு 'ஸ்வகண்டே' இதழைப் புத்தகக் கண்காட்சியிலேயே கடை போட்டு விற்கிறது. மதுரையில் நடக்கும் புத்தகத் திருவிழாவில் அதைச் செய்யலாமா என்பது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது. பெண்ணுரிமைப் பதிப்பகம் ஒன்றின் மேசையில் ஓர் ஓரம் கேட்டுப் பாருங்கள்.

பக்கக் கணக்கு கேட்டீர்களே: கடிதம் நான்கு பக்கம். இது குறைந்தால் மடல் செத்துவிடும். சட்டம், காவல், மருத்துவம் பற்றிய நடைமுறை இரண்டு. இங்கே இருக்கும் பெண்களின் வேலை, கூலி, விடுதி, பேருந்து பற்றி இரண்டு. வரலாறு ஒன்று. அறிவிப்பு ஒன்று. அட்டைக்கு முன்னும் பின்னும் போய்விடும். முன் அட்டையில் மடலின் பெயர் மட்டும், பார்த்தவுடன் எதுவும் தெரியாத பெயராக.

சட்டப்புள்ளி

பதிவு பற்றி. 1867-ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் போய்விட்டது. 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருப்பது 2023-ஆம் ஆண்டின் பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம். குறித்த இடைவெளியில் வந்து, பொதுச் செய்தியோ பொதுச் செய்தி பற்றிய கருத்தோ தாங்கிய அச்சு வெளியீடு அதன்படி பருவ இதழ். புத்தகமும், அறிவியல், கல்விசார் ஆய்விதழும் அதில் சேராது. விண்ணப்பம் முழுக்க இணையத்தில், பிரஸ் சேவா தளத்தில். முன்பு போல மாவட்ட ஆட்சியரிடம் போய் உறுதிமொழி கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வழக்குச் செய்தியோடு வருகிற மடல் இந்த வரையறைக்குள் வந்துவிடும் என்று எடுத்துக்கொள்வதே பத்திரம். பதிந்தால் வெளியிடுபவர் பெயரும் முகவரியும் அரசுப் பதிவேட்டில் இருக்கும். பழைய இதழ் சொன்ன 'வெளியே நிற்கிற பெயர்' இதுதான். ஏற்கெனவே இயங்குகிற பதிவு பெற்ற பெண்கள் அமைப்பு ஒன்று வெளியிடுபவராக இருந்தால் உங்கள் நால்வருக்கும் நிம்மதி. எழுதுகிறவர்கள் புனைபெயரில் எழுதச் சட்டத்தில் தடை இல்லை. இன்னொரு வழி, மடலாக இல்லாமல் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ மலராக, ஒவ்வொன்றும் தனித் தலைப்புள்ள சிறு நூலாகப் போடுவது. ஆனால் பெயருக்கு நூல், நடைமுறையில் மாதா மாதம் என்று இருந்தால் அந்தச் சமாதானம் நிற்காது. தொடங்கும் முன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் வரைவைக் காட்டிவிடுங்கள்.

அஞ்சலில் அனுப்புநர் முகவரி இல்லாமல் அனுப்பாதீர்கள். மறைவு என்று நினைத்து இதைச் செய்பவர்கள் உண்டு, பலன் நேர் எதிர். பெறுநர் கிடைக்காமல், திருப்பி அனுப்பவும் முகவரி இல்லாத கடிதம் அஞ்சல் துறையின் திரும்பிய கடித அலுவலகத்துக்குப் போகும், அங்கே முகவரி தேடி உறையைப் பிரிப்பார்கள். பெரிய அஞ்சலகத்தில் போஸ்ட் பாக்ஸ் எண் வாடகைக்குக் கிடைக்கும், எடுப்பவர் அடையாளச் சான்று கொடுக்க வேண்டும். உறையில் சாதாரணப் பெயர் ஒன்றும் பாக்ஸ் எண்ணும் போதும். அமெரிக்காவில் 1974 முதல் வருகிற 'லெஸ்பியன் கனெக்‌ஷன்' இதழின் பதிப்பகப் பெயர் 'எல்சி'. இதழின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொன்னால் ஒரு பெண் பெயர், தபால்காரருக்கு வேறொன்றும் தெரியாது.

சட்டப் பக்கத்தின் முதல் இதழுக்கு என் பரிந்துரை: மதுரையிலிருந்து சென்னைக்குப் போய் அடைக்கலம் தேடிய இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த வழிகாட்டுதல். பெண் காணவில்லை என்று வீட்டார் புகார் கொடுத்தால், விசாரணையில் அவர்கள் வயது வந்தவர்கள், விருப்பத்தோடு சேர்ந்திருப்பவர்கள் என்று தெரிந்ததும் காவல்துறை வாக்குமூலம் பெற்று, தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும். தன்பாலீர்ப்பை 'மாற்றும் சிகிச்சை' கூடாது என்றது அதே உத்தரவு. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அந்தச் சிகிச்சையைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு காவல் சார்நிலை அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்ந்தது: பால்புதுமையினரையும் (தன்பாலீர்ப்பினர், திருநர் போன்றோர்) அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் காவலர் துன்புறுத்தக் கூடாது. இந்த மூன்றையும் ஆண்டு, விதி எண்ணோடு கட்டம் கட்டிப் போடுங்கள், வெட்டி எடுத்து வைத்துக்கொள்கிற அளவில். காவல் நிலையத்தில் 'அப்படி ஒரு விதி இருக்காமே' என்று சொல்வதற்கும் '24-சி' என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. 181 பெண்கள் உதவி எண்ணையும் சேருங்கள்.

யாரையும் பெயர் சொல்லி, ஊர் சொல்லி 'இவரும் நம்மவர்' என்று எழுதாதீர்கள், பாராட்டாக இருந்தாலும்.

யானைக்கல்

எல்லாருக்கும் நன்றி. மூன்றாவது பக்கத்தில் 'தொடர்பு வேண்டுவோர்' பகுதி வேண்டும் என்று குழுவில் இரண்டு பேர் நிற்கிறார்கள். பயமாகவும் இருக்கிறது. முகவரிப் பட்டியலை கூகுள் ஷீட்டில் வைக்கலாமா?

பழைய இதழ்

ஷீட் வேண்டாம். பகிர்வு இணைப்பு ஒன்று தவறான கைக்குப் போனால் 150 வீடும் போயிற்று. நோட்டு ஒன்றில் வாசகருக்கு ஓர் எண், ஒரு கூப்பிடு பெயர், அனுப்பும் முறை, அனுப்ப வேண்டாத மாதம் (வரன் பார்க்க ஆட்கள் வந்து போகும் காலம், ஊர்த் திருவிழா என்று வீடு நிறைந்திருக்கும் நாட்கள்). இன்னொரு நோட்டில் எண்ணும் முகவரியும் மட்டும். இரண்டு நோட்டும் இரண்டு வீட்டில், இரண்டு பேர் கையில். உறை எழுதுகிற அன்று மட்டும் சேர வேண்டும். ஒரு வருடம் பதில் இல்லாத வாசகரின் வரியை அடித்துவிடுங்கள். மடல் நின்றால் முகவரி நோட்டை எரிக்க வேண்டும் என்றும் முதல் கூட்டத் தீர்மானத்தில் சேருங்கள்.

தொடர்புப் பகுதியை நடத்தலாம், ஆனால் மடலில் கைபேசி எண், முகநூல் பெயர் எதுவும் வரக் கூடாது. வருவது எண்ணும் வட்டாரமும் இரண்டு வரியும். 'எண் 14, வைகைக்கு வடக்கே, தையல் வேலை, பேச ஆள் வேண்டும்' என்கிற அளவு. ஊர்ப் பெயர் கிராமமாக இருந்தால் போடாதீர்கள், கிராமத்தில் தையல்காரி ஒருத்திதான் இருப்பாள். பதில் எழுதுகிறவர் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, மேலே எண் 14 என்று மட்டும் எழுதி, தபால்தலையோடு அதை இன்னொரு உறைக்குள் வைத்து உங்கள் பாக்ஸுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் பிரிக்காமல் முகவரி எழுதித் தள்ளிவிடுவீர்கள். இது மெதுவாகத்தான் நடக்கும். வேகம் குறைவதே பாதுகாப்பு: பெண் பெயரில் எழுதிப் பணம் பறிக்கிற ஆண்கள் மூன்று வாரம் காத்திருக்க மாட்டார்கள். முதல் சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், எண்ணையும் தேதியையும் குழுவில் ஒருவரிடம் சொல்லிவிட்டு என்று பகுதியின் அடியில் ஒவ்வொரு இதழிலும் அச்சிடுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இந்தப் பகுதி கிடையாது, அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வடக்குமாசி

உறை ஒட்டுறப்ப ஒரு விஷயம். எல்லா உறையிலயும் ஒரே கையெழுத்து, ஒரே மை, ஒரே நாள் முத்திரைன்னு 40 உறை ஒரு தபாலாபீஸ் பெட்டியில விழுந்தா தபாலை ஊர்வாரியாப் பிரிக்கிறவர் கண்ணுல படும். ரெண்டு மூணு பெட்டியா, ரெண்டு மூணு நாளாப் போடுங்க. கிராமத்துக்குப் போற தபால் சில இடத்துல டீக்கடையில வச்சுட்டுப் போறது வழக்கம். அந்த ஊர் வாசகருக்குத் தபாலே வேண்டாம், பக்கத்து டவுன்ல தெரிஞ்ச ஆள் கையில கொடுத்து விடுங்க.

பின் அடிக்கிறப்ப நீளக் கை ஸ்டேப்ளர் வேணும், சாதா ஸ்டேப்ளர் நடு மடிப்புக்கு எட்டாது. ரெண்டு பின், மேலயும் கீழயும் நாலு சென்டிமீட்டர் விட்டு.

பழைய இதழ்

இன்னொன்று, பாதுகாத்து வைப்பது. ஒவ்வொரு இதழிலும் ஐந்து படியைத் தனியாக எடுத்து, அதில் பின் அடிக்காமல் பருத்தி நூலால் நடுமடிப்பில் தைத்து வையுங்கள். இங்குள்ள ஈரத்தில் பின் துருப்பிடித்து மடிப்பைத் தின்றுவிடும். லேமினேட் செய்யாதீர்கள். ராமபாணப் பூச்சிக்குப் பசை என்றால் உயிர், ஸ்டார்ச் பசை போட்ட உறையோடு சேர்த்து வைக்காதீர்கள். ஸ்கேன் 400 டிபிஐ, டிஃப் கோப்பு. 300-இல் தமிழ் எழுத்தின் புள்ளி சில சமயம் தூசியோடு தூசியாகப் போய்விடும்.

எங்கே கொடுப்பது? தமிழ் இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுக்கோட்டை ஞானாலயா. பால்புதுமையினர் ஆவணங்களுக்கென்றே பெங்களூருவில் கம்ரா ஆவணக்காப்பகம் இருக்கிறது. நியூயார்க்கில் 1974 முதல் இயங்கும் லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆவணக்காப்பகம் இப்படிப்பட்ட சிறு மடல்களைத்தான் பெரிதும் சேர்த்தது. அட்லாண்டாவில் 1972-இல் தொடங்கிய தன்பாலீர்ப்புப் பெண்களின் பெண்ணிய அமைப்பு 1994-இல் கலைந்தபோது அதன் தாள்கள் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போனதால்தான் அவர்கள் 'அடலான்டா' மடலை இன்று ஒருவர் படிக்க முடிகிறது. நம் பக்கத்தில் 2012-இல் சிருஷ்டி மதுரை என்ற பால்புதுமையினர் குழு நடத்திய பேரணியின் துண்டறிக்கை யாரிடமாவது இருந்தால் அதையும் இப்போதே சேருங்கள், வருடம் பல ஆகிவிட்டது.

கொடுக்கும்போது நிபந்தனையோடு கொடுங்கள். 'ஆன் அவர் பேக்ஸ்' என்ற அமெரிக்கத் தன்பாலீர்ப்புப் பெண்கள் இதழை ஒரு மின்னாக்க நிறுவனம் இணையத்தில் போட்டது. அச்சில் சிறு வட்டத்துக்கு என்று சம்மதித்தவர்கள் உலகமே தேடிப் பார்க்கும்படி சம்மதிக்கவில்லை என்று எதிர்ப்பு வந்து 2016-இல் இறக்க வேண்டியதாயிற்று. உங்கள் எழுத்தாளர்களிடம் கட்டுரை வாங்கும்போதே ஒரு சிறு தாளில் மூன்று கேள்வி: அச்சில் மட்டுமா, ஆவணக்காப்பகத்தில் நேரில் வந்து படிப்பவருக்கா, இணையத்திலா? எத்தனை வருடம் கழித்து? புனைபெயர் என்றைக்கும் புனைபெயராகவே இருக்க வேண்டுமா? அந்தத் தாளில் அவர்கள் சொந்தப் பெயர் எழுத வேண்டாம், வாசகர் எண்ணோ புனைபெயரோ போதும். அதையும் முகவரி நோட்டு இல்லாத வீட்டில் வையுங்கள்.

யானைக்கல்

சரி. பாக்ஸ் எண் எடுக்க முதல் ஆள் தயார். 24-சி கட்டத்தின் வரைவை இங்கே போடுகிறேன், சட்டப்புள்ளி ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். வடக்குமாசி அண்ணே, மாஸ்டரைச் சுருட்டி எடுத்து வந்த பிறகு என்ன செய்வது, எரித்தால் புகை வருமா?

வடக்குமாசி

எரிக்காதீங்க, பிளாஸ்டிக் படலம் கலந்தது, நாத்தம் தெரு வரைக்கும் போகும். கத்திரியில பொடிசா வெட்டிடுங்க. அப்புறம் ரெண்டு மூணு குப்பையா பிரிச்சுப் போடுங்க.